கணினியைப் பேணுதல்

கருவியைப் பெறுதல் எளிது, பேணுதலே அரிது. தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதனால் எளிய இல்லங்கள் பலவற்றிலும் கணினி இடம்பெற்றது.

கணினி இயங்குங்கால் அதன் செயலி சூடேறும். உள்ளிருக்கும் சிறு விசிறி அச்சூட்டைக் காற்றுத் துளைகளின் வழியே வெளியேற்றும். திருவண்ணாமலையில் மலையை வலம்வரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில் முழுநிலவு நாள்தோறும் மக்கள் திரளாக நடப்பர். அப்போது எழும் புழுதியும் கற்பூரக் கரியும் வழியோர இல்லங்களுள் புகுந்து படியும். அவை காற்றுத் துளைகளை அடைப்பின் சூடு உள்ளேயே தங்கும். செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். சூடு மேலும் மிகின் கணினி தானே நின்றுவிடும். ஆதலின் திங்கள்தோறும் கணினியை நிறுத்தி, மின் இணைப்பை நீக்கி, உலர்ந்த மெல்லிய தூரிகையால் துளைகளைத் துடைத்தல் வேண்டும். மெத்தைமேல் வைத்து இயக்குதலும் தீது. அதுவும் காற்றை அடைக்கும்.

சேமிப்பகம் நிரம்பினும் வேகம் குன்றும். வேண்டாத கோப்புகளை நீக்குக. மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தால் நச்சுநிரல் புகும் வழிகள் பல அடைபடும்.

மாணவர்களே! பழுதுற்ற உறுப்பைக் கடையில் வாங்கலாம். நீங்கள் பல நாள் உழைத்து எழுதிய கட்டுரை அழிந்தால் அதனை எக்கடையிலும் வாங்க இயலாது. எனவே அரிய கோப்புகளுக்கு வேறோரிடத்தில் படி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வருமுன் காத்தலே அறிவுடைமை.