கூச்சத்துக்கு எப்படிக் குரல் கொடுப்பது?

இன்னிக்கு நான் சொதப்பின கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

நண்பன் ஒருத்தன் சின்னதா ஒரு கேம் செஞ்சான். அதுல ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பையன் ஒருத்தன் சென்னைக் கல்லூரிக்கு வந்து, யார்கிட்டயும் பேச வராம நிக்கிறான். "நீயும் தஞ்சாவூர்க்காரன்தானே, நீயே பேசிடுடா"ன்னு மைக்கை நீட்டினான். நான் எல்லா வரியிலயும் திக்கினேன். நடுவுல நாலு "அது... வந்து..." போட்டேன். திரும்பக் கேட்டா, படத்துல கூச்சக்காரனைக் கிண்டல் பண்ற காமெடி டிராக் மாதிரி இருந்துச்சு. எனக்குச் சிரிப்பு வரல. காலேஜ் முதல் வருஷம் நானும் அந்தப் பையன் மாதிரிதான் நின்னேன்.

தப்பு எங்கேன்னு தேட, 2018-ல வந்த '96' படத்தை மறுபடி பார்த்தேன். நம்ம தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடக் கதைதான். அந்த ராமுக்குப் பேச்சே வராதுன்னு சொல்ல முடியாது. வளர்ந்த ராம் போட்டோகிராபர். மாணவர்கள்கிட்ட அதட்டலாவே பேசுவான். ஜானு எதிர்ல வந்தா மட்டும் வார்த்தை தொண்டையில நின்னுடும்.

'பெர்சோனா 5' ஆடினவங்களுக்கு ஃபுதாபாவைத் தெரியும். வீட்டை விட்டு வெளியே வராத பொண்ணு. தெரியாத ஆள் முன்னாடி ஒடுங்கிடும். கம்ப்யூட்டர் விஷயம்னா வேற ஆளாயிடும். ஜப்பானிய மொழியில ஆவோய் யூகியும் ஆங்கிலத்துல எரிக்கா லிண்ட்பெக்கும் குரல் கொடுத்தாங்க.

ஆக, கூச்சம் ஒருத்தரோட குரல்ல இல்லை. அவருக்கும் எதிர்ல நிக்கிறவருக்கும் நடுவுல இருக்கு. குரல் கொடுக்கிறவர் முதல்ல கண்டுபிடிக்க வேண்டியது, அந்தப் பாத்திரம் எங்கே தடையில்லாம பேசும்ங்கிறதை.

ரெண்டாவது விஷயம் நேரம். 10 மொழிகளை வச்சு 2009-ல வந்த ஆய்வுப்படி, ஒருத்தர் கேள்வியை முடிச்சு அடுத்தவர் பதில் சொல்ல ஆரம்பிக்க சராசரியா 200 மில்லிசெகண்ட்தான் ஆகுது. கண் இமைக்கிற நேரம். அதுக்கு மேல அரை செகண்ட் தாமதிச்சாலே 'ஏதோ சரியில்ல'ன்னு காது கண்டுபிடிச்சிடும். திக்கவே வேண்டாம்.

கேம்ல இது ஏன் கஷ்டம்? '96'-ல த்ரிஷாவுக்கு டப்பிங் பேசின சின்மயிக்கு முன்னாடி திரையில ஒரு முகம் இருந்துச்சு. கேம்ல பெரும்பாலும் ஒரு எக்செல் ஷீட்தான். தனியா நின்னு, முன்பின் மாறின வரிசையில, வரி வரியா பேசணும். எதிராளி குரலே காதுல விழாது. 'இதை யார்கிட்ட சொல்றேன், உண்மையில என்ன சொல்ல நினைச்சேன்'ங்கிறதை நாமளேதான் முடிவு பண்ணிக்கணும்.

இதுல ஒரு எஞ்சினியர் காமெடியும் உண்டு. ரெண்டாவது தடவை சரியா இடைவெளி விட்டுப் பேசினேன். நண்பனோட ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஆடியோ ஃபைல்லயும் தொடக்கத்துல இருக்கிற மௌனத்தை வெட்டிடுச்சு! பையன் டக்கு டக்குன்னு பதில் சொன்னான். அப்புறம் அந்த ஒரு வரியை எடுத்துட்டோம்.

கடைசியா, புதுசா ஒரு காட்சி சேர்க்கச் சொன்னேன். மெஸ்ல ஒருத்தர் கேட்பார்: "ஜூன் 12 மேட்டூர் திறந்தா உங்க ஊருக்கு எப்போப்பா தண்ணி வரும்?" பையன் மூச்சு விடாம பேசுவான். மூணு நாலு நாள்ல கல்லணை, அங்கிருந்து கல்லணைக் கால்வாய், கடைமடைக்காரங்க காத்துக் கிடக்கிறதுன்னு எல்லாத்தையும் சொல்லுவான். பக்கத்துல ஒரு பொண்ணு, "நீ சாப்பிட்டியா?"ன்னு கேட்கும்.

ஒரு செகண்ட் மௌனம். அப்புறம், "ம்."

கேட்டுப் பார்த்தோம். இந்தத் தடவை நண்பனும் சிரிக்கல.