எள்ளல் நகையும் தீர்ப்புரிமையும்: மெய்ப்பாட்டியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

நகைச்சுவை ஒன்று பிறரை இழிவு செய்கிறதா என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உரியது என்னும் வினாவைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணையோடு இக்கட்டுரை ஆராய்கிறது. 1987ஆம் ஆண்டின் ஆனந்த விகடன் அட்டைப்பட வழக்கும் 2012ஆம் ஆண்டின் பாடநூல் கேலிச்சித்திரச் சிக்கலும் சான்றுகளாகக் கொள்ளப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: எள்ளல், நகை, வெகுளி, பேராசிரியர், சட்டமன்றச் சிறப்புரிமை, கேலிச்சித்திரம்.

முன்னுரை

எள்ளியவர் விளையாட்டு என்பதனை எள்ளப்பட்டவர் இழிவு என்கிறார். இருவரும் ஒரே கூற்றைப் பற்றியே பேசுகின்றனர். இம்முரணில் யார் சொல் முடிவானது என்பது சட்டத்தின் சிக்கலாகவே பெரிதும் பேசப்படுகிறது. மெய்ப்பாட்டியலும் உரைமரபும் இதற்குத் தரும் விளக்கம் உரிய கவனம் பெறவேண்டியது.

மெய்ப்பாட்டியல் காட்டும் மூவர்

எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகையின் நிலைக்களன்கள் என்பது தொல்காப்பியர் கருத்து. இவற்றுள் எள்ளலைப் பேராசிரியர் இரண்டாகப் பகுப்பார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுதல் மற்றொன்று. இரண்டிலும் நகுபவரே இடம்பெறுகிறார். எள்ளப்பட்டும் நகாதவர் நகையின் எல்லைக்குப் புறத்தே நிற்கிறார்.

அவரை வெகுளியின் பகுதியில் காணலாம். வெகுளியின் நிலைக்களன்களுள் ஒன்றாகிய 'கொலை' என்பதற்கு, அறிவு, புகழ் முதலியவற்றைச் சொல்லால் அழித்தல் என்ற வகையில் பேராசிரியர் பொருள் கொள்கிறார். எனவே, ஒருவர்க்கு எள்ளலாக நிற்கும் கூற்று மற்றொருவர்க்குக் கொலையாக நிற்றல் கூடும். இருவர் உணர்வும் மெய்யே.

இயலின் இறுதி நூற்பா, கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரும் ஆற்றலுடையார்க்கே மெய்ப்பாட்டின் பொருள் புலனாகும் என்கிறது. எள்ளியவர், எள்ளப்பட்டவர் ஆகிய இருவர்க்கும் அப்பால் உணர்வுடைய மூன்றாமவர் ஒருவரை இந்நூற்பாவிலிருந்து பெறலாம். நூற்பா நேரே கூறாத இப்பொருளை இக்கட்டுரை விரித்துக் கொள்கிறது.

எள்ளப்பட்டவரே நடுவராதல்

1987 மார்ச் 29 நாளிட்ட ஆனந்த விகடன் அட்டையில், மேடையில் இருப்போருள் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்ற வினாவுக்கு, ஒருவரைப் பிக்பாக்கெட் போலவும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரர் போலவும் இருப்பவராக அடையாளம் காட்டும் நகைத்துணுக்கு வெளிவந்தது. அதில் எவர் பெயரும் இல்லை. மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு, பி.எச். பாண்டியன் பேரவைத் தலைவராக இருந்த தமிழகச் சட்டமன்றம் ஏப்ரல் 4 அன்று மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வலுத்ததால் சில நாள்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் அவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ரூ.1,000 இழப்பீடு வழங்கச் செய்தது.

அரசியலமைப்பின் 194(3) பிரிவு குறிக்கும் சட்டமன்றச் சிறப்புரிமைகள் இன்றளவும் சட்டமாகத் தொகுக்கப்பெறவில்லை. இதனால் எள்ளப்பட்டவர், குற்றம் சாட்டியவர், நடுவர், ஒறுத்தவர் ஆகிய நான்கு நிலைகளும் ஓர் அவையிடமே குவிந்தன. உறுப்பினர்கள் வெகுண்டதில் தவறில்லை. வெகுளியே தீர்ப்பானது தவறு. மெய்ப்பாட்டியல் நோக்கில் இங்கு மூன்றாமவர்க்கு இடமே இல்லாமற் போயிற்று.

எள்ளப்பட்டோர் குரல் ஒன்றா?

மூன்றாமவர்க்கு இடமளித்த நிகழ்வும் எளிதாக முடியவில்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் குறித்த ஆர்.கே. லட்சுமணின் கேலிச்சித்திரம், தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. அது போராடிய மாணவர்களை இழிவுபடுத்துகிறது என்று மு. கருணாநிதி, வைகோ உள்ளிட்டோர் 2012இல் கண்டித்தனர். உயிர்ப்பலி நேர்ந்த போராட்டம் நகைப்பொருளானது அவர்களை வருத்தியது. அம்பேத்கர் பற்றிய சங்கரின் கேலிச்சித்திரத்தால் எழுந்த சிக்கலை அடுத்து, சுக்தேவ் தோரட் தலைமையில் அமைந்த குழு பாடநூல்களின் சித்திரங்களை ஆய்ந்து பலவற்றை நீக்கப் பரிந்துரைத்தது.

அக்குழுவில் மாறுபட்ட குறிப்பு எழுதியவர் எம்.எஸ்.எஸ். பாண்டியன், தமிழர், திராவிட இயக்க வரலாற்றை ஆழ்ந்து ஆராய்ந்தவர். எள்ளப்பட்டதாகக் கருதப்பெறும் சமூகத்திற்குள்ளேயே நகையும் வெகுளியும் ஒருங்கே நிலவும் என்பதனை இது காட்டுகிறது. ஆகவே, சமூகத்தின் பெயரால் ஒலிக்கும் ஒரு குரலை அச்சமூகத்தின் முழு உணர்வாகக் கொள்ளல் பொருந்தாது.

முடிவுரை

உணர்ச்சிமிகையால் எங்கும் தீங்கு காண்போரை அளவுகோலாகக் கொள்ளாமல், நியாய உணர்வும் உறுதியும் உடையோரின் நோக்கில் ஒரு கூற்றின் விளைவை மதிப்பிட வேண்டும் என்று 1946இல் நாகபுரி உயர் நீதிமன்றம் வகுத்தது. 'தமஸ்' தொலைக்காட்சித் தொடர் வழக்கில் (1988) உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. எனினும் உறுதியுடையோர் என்னும் அளவுகோல் ஒன்றே போதாது. சாதி, உடற்குறை, பால் ஆகியன பற்றிய எள்ளலில், என்றும் எள்ளப்படாத ஒருவர் எளிதில் உறுதியாயிருத்தல் கூடும். தொல்காப்பியம் கண்ணோடு செவியையும் வேண்டுவது இங்குப் பொருளுடையதாகிறது. கூற்றின் அமைப்பைக் கண்டால் மட்டும் போதாது. நொந்தவர் சொல்வதையும் கேட்டாக வேண்டும்.

நொந்தவரே முதற் சான்றாளர். அவர் சான்றின்றித் தீர்ப்பு இல்லை. ஆயினும் சான்றாளர் நடுவராதல் தகாது. ஒறுக்கும் அதிகாரம் உடையவரே எள்ளப்பட்டவராயின், இவ்வரையறை மேலும் கண்டிப்புடன் பின்பற்றத்தக்கது.