நின்றுபோன ஆலைகள் - 7: லுக்கன்வால்டேயின் தொப்பிக் கூரை

இதுவரை பார்த்த ஆலைகளில் புகைபோக்கி ஓர் ஓரமாக நின்றது. இந்த வாரம், கூரையே புகைபோக்கியான ஓர் ஆலை.

பெர்லினுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது லுக்கன்வால்டே. துணியும் தொப்பியும் செய்து பிழைத்த சிற்றூர். 1921இல் ஹெர்மன், ஸ்டைன்பெர்க் என்ற இரு தொப்பி நிறுவனங்கள் இங்கே ஒன்றாயின. புதிய ஆலையைக் கட்டித்தரும் பொறுப்பு எரிக் மெண்டல்சோனுக்கு வந்தது. முதல் உலகப் போரில் போர்முனையில் இருந்தபடியே துண்டுத் தாள்களில் கட்டடங்களை வரைந்துகொண்டிருந்தவர் அவர். போட்ஸ்டாமின் ஐன்ஸ்டைன் கோபுரமும் அவர் கைவண்ணம்தான்.

தொப்பிக்குச் சாயம் ஏற்றும் வேலை கொடுமையானது. கொதிக்கும் தொட்டிகளிலிருந்து ஆவியும் நச்சு வாடையும் ஓயாமல் எழும். வெளியேற வழியில்லாவிட்டால் கூடம் முழுக்க மூட்டம் போட்டு, அங்கேயே நிற்கும். மெண்டல்சோன் சாயக்கூடத்தின் கூரையைச் சரித்து, மேலே போகப் போகக் குறுக்கி, உயரமாக எழுப்பினார். சூடான ஆவி தானாக மேலேறி உச்சி வழியே வெளியே போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய தொப்பியைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும். கட்டடக்கலை நூல்கள் இந்தச் சாயலைத்தான் ரசித்து ரசித்து எழுதுகின்றன. எனக்கு அந்தத் தொட்டிகளருகே நாள் முழுக்க நின்றவர்களின் நெஞ்சுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரு முதலாளி செலவழித்து, ஒரு கலைஞன் மெனக்கெட்டு, தொழிலாளி மூச்சுவிட வழி செய்திருக்கிறார்கள். கட்டடத்தின் அழகும் அந்த அக்கறையிலிருந்தே பிறந்திருக்கிறது.

சாயக்கூடத்தோடு 4 உற்பத்திக் கூடங்கள், கொதிகலனும் டர்பைனும் இயங்கிய கட்டடம், வாசலில் 2 காவல் கூடங்கள். 1923இல், ஜெர்மன் பணம் காகிதமாகிப் போன அதே ஆண்டில், வேலை முடிந்தது. புகழ் எல்லை தாண்டியது. 1925இல் லெனின்கிராடில் ஒரு ஜவுளி ஆலையை வடிவமைக்க மெண்டல்சோனை அழைத்தது சோவியத் அரசு.

அப்புறம் நாஜிகள் வந்தார்கள். யூதரான மெண்டல்சோன் 1933இல் நாட்டைவிட்டு வெளியேறினார். ஆலையின் யூத உரிமையாளர்களிடமிருந்து ஆலை பறிபோனது. தொப்பி செய்த கூடங்களில் போர்த் தளவாடங்கள் தயாராயின. சாயக்கூடத்தின் கூரையைக் கழற்றி எறிந்தார்கள். போருக்குப் பின் ஆலை சோவியத் படையின் கைக்குப் போய், பிறகு கிழக்கு ஜெர்மனியின் பேரிங் தொழிற்சாலையாகி, இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு ஆளின்றிப் பாழடைந்தது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கூரையைப் பழைய வடிவத்திலேயே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். கட்டியது தொப்பிக்காக, காப்பாற்றியது கட்டடத்துக்காகவே. பெர்லின் போகும் வாசகர்கள் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் லுக்கன்வால்டே போய்விடலாம். ஒரு நாளை ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.