தாம்பாளம் கைமாறிய படி

எங்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை திருக்கழுக்குன்றம் வேதகிரீஸ்வரருக்குத்தான். மலையேறி, சுவாமி பாதத்தில் வைத்து எடுத்து வந்த பிறகே ஊருக்குப் பத்திரிகை. அக்கா மகள் கல்யாணத்துக்குத் தாம்பாளம் என் கையில் இருந்தது. நான் தாய்மாமன். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய பத்திரிகை. அடிவாரத்திலிருந்து மேலே 565 படிகள். பள்ளிக்கூட நாட்களில் போட்டி போட்டுக்கொண்டு ஏறிய மலை அது.

இருநூறு படிகூட ஏறியிருக்க மாட்டேன். நெஞ்சு படபடத்தது, சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது, தாம்பாளத்தில் இருந்த தேங்காய் கடகடவென்று ஆடியது. கை நடுங்குகிறது என்பது அந்தச் சத்தத்தில்தான் எனக்கே தெரிந்தது. உட்கார்ந்துவிட்டேன். பின்னால் ஏறி வந்த ஒரு குழந்தை, “அப்பா, அந்த மாமா ஏன் இப்படி மூச்சு விடுறாரு?” என்று கேட்டது. அக்கா இறங்கி வந்தாள். “நீ இங்கயே உட்காரு தம்பி. நடை சாத்திடுவாங்க. நாங்க போயிட்டு வந்துடுறோம்” என்றாள். பெண்ணின் சித்தப்பா தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். எழுபத்திரண்டு வயது அத்தை என்னைக் கடந்து, சுவரைப் பிடித்தபடி மேலே போனாள்.

யாரும் சிரிக்கவில்லை, ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு அப்போது உயரம் 168 சென்டிமீட்டர், எடை 94 கிலோ.

அந்தச் சூடு எத்தனை நாள்?

இப்படி ஒரு படி நிறையப் பேர் வாழ்க்கையில் இருக்கிறது. கல்யாண ஆல்பத்தில் தன் படத்தைப் பார்த்துத் திடுக்கிட்டவர்கள், ஷேர் ஆட்டோவில் “நீங்க ரெண்டு சீட்டு” என்ற சொல்லைக் கேட்டவர்கள், ஜவுளிக்கடையில் “உங்க சைஸ் இல்லைங்க” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அன்று இரவே சபதம் எடுப்போம். மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து நடப்போம், மதியம் பட்டினி கிடப்போம். பத்தாம் நாள் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

காரணம், அவமானம் கிளப்பிவிடும், கூட வராது. அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு நடக்கிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஓராண்டாவது அதைக் காப்பாற்றியவர்கள் மட்டுமே அதில் சேரலாம். உங்களைத் தூண்டியது எது என்று அவர்களைக் கேட்டு 2004-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. புகைப்படத்திலோ கண்ணாடியிலோ தன்னைப் பார்த்து அதிர்ந்தவர்கள் ஏறக்குறைய எட்டில் ஒருவர். உடல்நலக் காரணத்தால், அதாவது மருத்துவர் எச்சரித்தோ வீட்டில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தோ தொடங்கியவர்கள் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. இந்த இரண்டாம் வகையினர்தான் மற்றவர்களைவிட அதிகம் குறைத்தார்கள், குறைத்ததை நன்றாகத் தக்கவைத்தும் கொண்டார்கள்.

ஆகவே வெட்கம் ஆறுவதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: அதை உடல்நலக் காரணமாக மாற்றிக்கொள்வது. மறுநாள் நான் நடைப்பயிற்சிக்குப் போகவில்லை, மருத்துவரிடம் போனேன். படியேறும்போது மூச்சு வாங்குவதை உடம்பு பருமன் என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. இதயக் கோளாறு, ரத்தசோகை, ஆஸ்துமா எதுவும் இருக்கலாம். இசிஜி சரியாக இருந்தது. ரத்த அழுத்தம் 150/96. வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. நூறுக்குக் கீழே இருக்க வேண்டியது. 126 தொட்டால் சர்க்கரை நோய். “வாசல்ல நிக்கிறீங்க, உள்ள போகல” என்றார் மருத்துவர். தாம்பாளத்தைவிட அந்தப் பரிசோதனைச் சீட்டுதான் என்னை இத்தனை மாதம் நடக்க வைத்தது.

கேலி எடையைக் குறைக்காது

2017 பிப்ரவரியில் மும்பை மாநகராட்சித் தேர்தல். அன்று மிகப் பருமனான ஒரு காவல் ஆய்வாளரின் படத்தைப் போட்டு, பலத்த போலீஸ் பந்தோபஸ்து என்று ட்விட்டரில் கிண்டல் செய்தார் எழுத்தாளர் ஷோபா டே. அந்த ஆய்வாளரோ மும்பைக்காரரே அல்ல. மத்தியப் பிரதேசக் காவல்துறையைச் சேர்ந்தவர். எடை 180 கிலோ. தின்று பெருத்த உடம்பில்லை, 1993-ல் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வந்த கோளாறு என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். பிறகு மும்பை மருத்துவர்கள் கட்டணமின்றி எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். 65 கிலோ குறைந்தது. கிண்டல் நல்லதில் முடிந்தது என்று சிலர் இதைச் சொல்கிறார்கள். நான் ஏற்க மாட்டேன். அவரைக் குறைத்தது சிகிச்சை. அந்தச் சிகிச்சை கேலிக்கு முன்பே அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஐம்பது வயது தாண்டிய 2,944 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. எடைக்காக இழிவாக நடத்தப்பட்டோம் என்றவர்களுக்கு அந்த நான்கு ஆண்டில் சராசரியாக ஒரு கிலோ அளவுக்குக் கூடியது. மற்றவர்களுக்கு முக்கால் கிலோ அளவுக்குக் குறைந்தது. பழிக்கப்பட்டவர் வெளியே வரத் தயங்குகிறார், நடப்பதை நிறுத்துகிறார், மனம் சோர்ந்தபோது சாப்பாட்டிடம் போகிறார். வீட்டில் குழந்தையைக் “குண்டு” என்று செல்லமாகக் கூப்பிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். என் அக்கா அன்று ஒரு சொல் பழித்திருந்தால் நான் மருத்துவரிடம் போயிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

வேட்டி சொல்லாத கணக்கு

வேட்டிக்கும் புடவைக்கும் அளவு கிடையாது. தொப்பை வளர வளர அவையும் இடம் கொடுக்கும். பேன்ட் போடுகிறவர்களும் பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக்கொண்டு, பத்து வருஷமாக ஒரே சைஸ் என்பார்கள். டேப் ஒன்றுதான் உண்மை சொல்லும்.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். இதைத் தாண்டினால் ஆபத்து. நம்மவர்களுக்குக் கொழுப்பு கை கால்களில் சேர்வதைவிட வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றிச் சேர்வதுதான் அதிகம். அதனால்தான் உடல் நிறைக் குறியீட்டிலும் (எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இருமுறை வகுப்பது) இந்தியர்களுக்கு வரம்பைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். 23-ஐத் தொட்டால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் பருமன். என் உயரத்துக்கு 65 கிலோவிலேயே முதல் கோடு வந்துவிடுகிறது. எனக்கு இருந்தது 33.

இது ஒருவர் இருவர் சங்கதி இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காடும் ஆண்களில் 37 விழுக்காடும் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள். அதுவும் 25 என்ற கோட்டை வைத்து எண்ணியது. 23-ஐ வைத்து எண்ணினால் இன்னும் கூடும்.

மலையில் தொடங்காதீர்கள்

எந்தப் படியில் தலைகுனிந்தோமோ அந்தப் படியிலேயே ஜெயிக்க வேண்டும் என்று ஆவேசம் வரும். எனக்கும் வந்தது. மருத்துவர் தடுத்தார். பருமனான உடம்போடு படி ஏறி இறங்கினால், அதிலும் இறங்கும்போது, முழங்கால் மூட்டுதான் அடிவாங்கும்.

மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று சொல்கிறது: ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. எட்டு கிலோ குறைத்தவருக்கு அடிக்கு 32 கிலோ. ஒரு சிப்பம் அரிசியைவிட அதிகமான சுமை அது. முதலில் சமதரையில் குறைத்துவிட்டு அப்புறம் மலைக்கு வாருங்கள்.

நான் தொடங்கியது மலைக்குக் கீழே, ஊருக்குள் இருக்கும் சங்கு தீர்த்தக் குளக்கரையில். முதல் வாரம் காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு. இரண்டு மாதத்தில் கீழே இருக்கும் தாழக்கோயிலைச் சுற்றியும் சேர்த்து தினமும் நாற்பது நிமிடம் ஆனது. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு. வெயில் நம் பக்கம் கடுமை, ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள். பாதை எதுவானாலும் பழைய தேய்ந்த செருப்போடு போகாதீர்கள்.

எடை இறங்கவில்லையே என்று விட்டுவிடுகிறவர்களுக்குச் சென்னை ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்தி 2006-ல் வெளியிட்டது. சும்மா விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுக்குள் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையையும் சாப்பாட்டையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்கு. இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடைக்கருவி அசையாத மாதத்திலும் நடை உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது.

டீயும் ராத்திரிச் சாப்பாடும்

என் சாப்பாட்டில் நான் முதலில் கைவைத்தது சோற்றில் அல்ல, டீயில். என் கடைக்கு நாலு பேர் வந்தால் நாலு டீ, வீட்டில் இரண்டு. ஆறு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூன் ஐந்து கிராம், இருபது கலோரி. ஒரு நாளைக்கு 60 கிராம் சர்க்கரை, 240 கலோரி. பசியாறாமலே உள்ளே போனது. 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீயாக, அரை ஸ்பூனாகக் குறைத்தேன். மூன்றாம் வாரத்தில் பழைய இனிப்பு நாக்குக்குத் திகட்டியது. வெல்லமும் பனங்கற்கண்டும் போட்டால் எடை ஏறாது என்பது தப்பு. எடைக் கணக்கில் எல்லாம் ஒன்றுதான்.

அடுத்தது தட்டு. சோற்றைக் குவித்து ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் வைப்பது நம் வழக்கம். அதைத் திருப்பிப் போட வேண்டும். பாதித் தட்டு கீரையோ காயோ, கால் தட்டு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஒன்று, மிச்சம் கால் தட்டு சோறு. நம் கடலோரத்தில் மத்தி, அயிலை, சங்கரா என்று மீனுக்குக் குறைவில்லை; பொரிக்காமல் குழம்பாக வைத்தால் போதும். எண்ணெய் பாட்டிலிலிருந்து நேராகச் சட்டிக்குப் போகக் கூடாது, ஸ்பூனில் அளந்து போக வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டைப் பத்தரையிலிருந்து எட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் எல்லாரும் ஒத்துழைத்ததால்தான் அது முடிந்தது. ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் பத்து நாள்கூடத் தாங்காது.

பட்டினி வேண்டாம். வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே நல்ல வேகம். எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். பத்து நாளில் பத்து கிலோ என்று பவுடர் விற்கிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். இப்போது வந்திருக்கும் எடைக்குறைப்பு ஊசிகளை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் போடுங்கள்.

எல்லாம் செய்தும் குறையாவிட்டால் உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, ஸ்டீராய்டு மாத்திரை, சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எட்டு மாதம் கழித்து

எடை 86. வெறும் வயிற்றுச் சர்க்கரை 101. மருத்துவர் அனுமதியோடு சென்ற மாதம் மலையேறினேன். நான்கு இடத்தில் நின்றேன், ஆனால் மேலே போய்ச் சேர்ந்தேன். அக்கா மகளும் மாப்பிள்ளையும் கூட வந்தார்கள். தாம்பாளத்தை அவள்தான் என் கையில் கொடுத்தாள்.

முப்பது வயது தாண்டியவர்கள் அருகிலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். தையல் பெட்டியில் இருக்கும் டேப்பை இன்று இரவே எடுத்து வையுங்கள். நாளைக் காலை வெறும் வயிற்றில் இடுப்பை அளந்து, தினசரிக் காலண்டரில் நாளைய தாளைக் கிழிக்காமல் அதிலேயே எழுதி வையுங்கள்.