தந்தையின் துயரும் மைந்தனின் தனிமையும்

பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்தபோது 1910இல் வெளியிட்ட சுயசரிதையைத் தட்டாஞ்சாவடியில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படிக்கையில், ஓரிடத்தில் என் கண் நின்றுவிடுகிறது. மற்றச் சிறுவர் மரமேறி விளையாட, தந்தையின் கட்டளைக்கு அஞ்சித் தாம் நூல்களோடு தனித்து வருந்தியதாக அவர் கூறும் இடம் அது.

அன்னை இலக்குமி அம்மாள் 1887இல் மறைந்தார். மகனுக்கு அப்போது ஐந்து வயதளவே. தந்தை சின்னசாமி ஐயர் பின்னர் மறுமணம் புரிந்தார். மகன் கணிதமும் ஆங்கிலமும் கற்று உயரவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அதை வெறும் கண்டிப்பு என்று கூற எனக்கு மனம் வரவில்லை. ஒன்றைப் பறிகொடுத்தவர் எஞ்சியதை இறுகப் பற்றுவார். தம் அச்சத்துக்கு ஒழுக்கம் என்று பெயரிடுவார்.

நானும் அவ்வாறே இருந்தேன். மாலைதோறும் ஊரார் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்ப மணியடித்த தலைமையாசிரியன், மனைவி மறைந்தபின் என் மகனை மட்டும் புத்தகத்தோடு வீட்டில் அமர்த்தினேன். தாயின் பெயரை எவரும் சொல்லாத அவ்வீட்டில் அவன் என் முகக்குறி பார்த்தே பேசினான். நாளடைவில் பேச்சே குறைந்தது. அடக்கமான பிள்ளை என்று நான் பெருமை வேறு கொண்டேன்!

சின்னசாமி ஐயர் 1898இல் காலமானார். 1915இல், புதுச்சேரியில் இருந்தபோது, கவிஞர் வெளியிட்ட பாப்பா பாட்டு குழந்தையை விளையாடச் சொல்லித்தான் தொடங்குகிறது.