கல்யாணக் கார்டில் வந்த கள்வன்

சம்பள நாளன்று ஆபீஸ் வாசலில் மேசையைப் போட்டுக்கொண்டு, கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்ட காலம் நம்மில் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். வாங்கிய காசை இரண்டு தரம் எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டு லயத்துக்கு வந்து சேரும் வரைக்கும் நம் தாய்மார்களின் கண் நாலு பக்கமும் இருக்கும். அன்றைக்குத் திருடன் என்றால் அவனுக்கு ஒரு முகம் இருந்தது. ஓடினால் துரத்தலாம்; நாயை அவிழ்த்து விடலாம்.

இன்று சம்பளம் வங்கியில் விழுகிறது. அந்த வங்கியோ கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. தொலைபேசி தலைமாட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில், சார்ஜரில் கிடக்கிறது. திருடன் எங்கே இருக்கிறான்?

2023 ஆம் ஆண்டில் ஒரு நாள், ஜார்ஜ்டவுன் பீச் ஸ்திரீட்டில் வங்கிகள் வரிசையாக இருக்கும் பகுதியில் ஓர் அம்மாளைச் சந்தித்தோம். செபராங் பிறையின் தென்கோடியில் உள்ள ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் பால் மரம் சீவியவர். பட்டர்வொர்த்திலிருந்து படகேறி, காலை எட்டு மணிக்கே வந்து ஒரு வங்கியின் வாசலில் உட்கார்ந்திருந்தார். பெயரும் தோட்டமும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அழைத்துப் போய் லிட்டல் இந்தியாவில் ஒரு கடையில் தேநீர் வாங்கிக் கொடுத்த பிறகுதான் பேச்சு வந்தது.

"வாட்ஸ்அப்புல கல்யாணக் கார்டு வந்துச்சுங்க ஐயா. நம்பர் யாருதுன்னு தெரியல. நம்ம சனத்துல யாராச்சும் இருப்பாங்கன்னு அமுக்கிட்டேன். என்னமோ கேட்டுச்சு, எல்லாத்துக்கும் 'ஓகே, ஓகே'ன்னு அமுக்கினேன். அப்புறம் மொய்க்குப் பத்து வெள்ளி போடலாம்னு பேங்கு படம் வந்துச்சு. பேத்தி எழுதி வச்சிருந்த நம்பரைப் பாத்துப் போட்டேன். மறுநாள் பேங்குல ஒண்ணுமே இல்லீங்க."

போனது சேமநிதிக் காசு. கடைசி மகளின் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்தது.

அந்த ஆண்டில் கல்யாண அழைப்பிதழ் என்று சொல்லி வந்த இந்த மோசடி மலேசியா முழுக்கவே பரவியிருந்தது. வந்தது கார்டு அல்ல, ஓர் ஆப். அதன் பெயரின் வாலில் ஏ, பி, கே என்று மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். படமாகவோ கடிதமாகவோ இருந்தால் இந்த வால் இருக்காது. அமுக்கியதும், 'இதை உள்ளே விடலாமா? இது உன் குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா?' என்று தொலைபேசியே கேட்கும். கேட்பது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். நாம் 'ஓகே' என்போம். அவ்வளவுதான், வாசற்கதவை நாமே திறந்து விட்டோம். பிறகு வங்கி அனுப்பும் 'டேக்' எண் நமக்கு வரும்போதே அவனுக்கும் போய்விடும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பிடிப்பதற்குத்தான் அந்தப் பொய்யான வங்கிப் பக்கம். இரண்டும் கையில் கிடைத்தால் அவன்தான் அந்தக் கணக்கின் முதலாளி.

இதற்கு முன்பே வேறு வேடத்தில் இது வந்ததுண்டு. வீடு சுத்தம் செய்ய ஆள் அனுப்புகிறோம் என்று ஆசை காட்டிய போலி ஆப்கள் எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்ததை, 2022 ஏப்ரலில் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அம்பலப்படுத்தியது. வேடம்தான் மாறியது, வித்தை ஒன்றுதான். இன்னும் பின்னால் போனால், 2000 மே மாதம் பிலிப்பீன்ஸ் நாட்டிலிருந்து 'ஐ லவ் யூ' என்று ஒரு காதல் கடிதம் மின்னஞ்சலில் கிளம்பியது. திறந்து பார்த்தவர்களின் கணினியிலிருந்த கோப்புகளை அழித்துவிட்டு, அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தானே போய்ச் சேர்ந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கணினிகள் கெட்டன. எழுதிய இளைஞனைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அன்றைக்கு அந்த நாட்டில் அதற்கென்று சட்டமே இல்லாததால் தண்டிக்க முடியவில்லை. உலகம் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்து படித்தவர்கள் காதல் கடிதத்துக்கு மயங்கினார்கள். நம் அம்மாள் கல்யாணக் கார்டுக்கு மயங்கினார். ஆகவே, 'தோட்டத்து ஆளுக்கு விவரம் பத்தாது' என்று யாராவது சொன்னால் நாம் ஒத்துக்கொள்ள மாட்டோம். 2025 மார்ச்சில் கோலாலம்பூர் விமான நிலையத்தின் கணினிகளையே முடக்கி, ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள். கொடுக்க முடியாது என்று பிரதமர் சொல்லிவிட்டார். அங்கே இல்லாத நிபுணர்களா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் தோட்டங்களிலிருந்து கிளம்பி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு பஸ் பிடித்துப் போன பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! இண்டெல் நிறுவனம் 1972 இல் அங்கே வந்ததிலிருந்து, உலகத்துக் கணினிகளுக்கான சில்லுகள் பினாங்குப் பிள்ளைகளின் கைபட்டே போயிருக்கின்றன. செம்பனை நின்ற பத்து காவானிலும் இன்று ஆலைகள். கருவியைச் செய்யக் கற்றுக் கொடுத்தவர்கள், அதைப் பூட்டி வைக்கக் கற்றுக் கொடுக்கவில்லையே என்பதுதான் நம் வருத்தம்.

'அவன் என் பேரைச் சொல்றான், ஐ.சி. நம்பரைச் சொல்றான், அப்போ போலீசாத்தானே இருக்கணும்?' என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை ஐயா. 2017 அக்டோபரில் மலேசியத் தொலைபேசி நிறுவனங்களின் வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தது வெளியே தெரிந்தது. அதில் இருந்தவை 4 கோடியே 62 லட்சம் எண்கள். அப்போது நாட்டின் ஜனத்தொகையே ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம்தான். பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருந்தன. ஆகவே உங்கள் ஐ.சி. எண் தெரிந்தவன் போலீஸ்காரன் என்று அர்த்தமில்லை. 'உன் பெயரில் வழக்கு இருக்கிறது, பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்று' என்று எந்தப் போலீசும், எந்தக் கோர்ட்டும் தொலைபேசியில் சொல்லாது. பட்டென்று வைத்துவிடுங்கள், மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

கோயில் கமிட்டி, பள்ளிக்கூடப் பெற்றோர் என்று வாட்ஸ்அப் குழு வைத்திருப்போர் கவனிக்க: 'அண்ணே, ஆறு நம்பர் ஒண்ணு உங்களுக்குத் தவறுதலா வந்துடுச்சு, அனுப்புங்க' என்று தெரிந்தவர் பெயரிலேயே செய்தி வரும். அனுப்பினால் உங்கள் வாட்ஸ்அப் அவன் கைக்குப் போகும். பிறகு உங்கள் பெயரில் குழுவில் எல்லோரிடமும் கடன் கேட்பான். அந்த ஆறு எண்ணைப் பெற்ற பிள்ளை கேட்டாலும் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் 'இரண்டு படிச் சரிபார்ப்பு' என்று ஒரு பூட்டு உண்டு. ஒரு நிமிட வேலை, பேரப்பிள்ளைகளைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

நம்மை அதிகம் உறுத்துவது வேறொரு விஷயம். அந்த அம்மாளின் பணம் நேராகத் திருடனிடம் போகவில்லை. முதலில் ஒருவர் கணக்குக்குப் போய், அங்கிருந்து இன்னொருவர் கணக்குக்குத் தாவி, பிறகு மறைந்தது. அந்தக் கணக்குகள் யாருடையவை? பெரும்பாலும் சாதாரண வீட்டுப் பிள்ளைகளுடையவை. 'ஏ.டி.எம். கார்டை ஒரு மாசத்துக்குக் கொடு தம்பி, சில நூறு வெள்ளி தாறேன்' என்று கேட்பார்கள். வேலையில்லாத பையன், மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்ட வேண்டும், கொடுத்து விடுகிறான். போலீஸ் தேடி வரும்போது திருடன் எங்கோ இருக்கிறான், நம் பையன்தான் விலங்கோடு நிற்கிறான். முன்பும் இதற்கு வழக்குப் போட்டார்கள். 2024 இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, கணக்கையும் கார்டையும் பிறர் கையில் கொடுப்பதையே தனிக் குற்றமாக்கி விட்டார்கள். 'எனக்கு ஒண்ணும் தெரியாது சார்' என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். தாய் தகப்பன்மார் இன்று இரவே பிள்ளைகளிடம் கேளுங்கள்: கார்டு உன்னிடம்தான் இருக்கிறதா? காட்டு பார்க்கலாம்.

முன்பின் தெரியாத ஒருவருக்குப் பணம் போட வேண்டியிருந்தால், போலீசின் 'செமாக் மியூல்' பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும்.

தவறி அமுக்கி விட்டாலோ, அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. முதலில் தொலைபேசியின் டேட்டா, வைபை இரண்டையும் அணைக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கோ 997 க்கோ கூப்பிட வேண்டும். 997 என்பது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையம். போலீசும் பேங்க் நெகாராவும் தொலைத்தொடர்பு ஆணையமும் அதில் சேர்ந்திருக்கின்றன. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதற்குள் மறிக்கப் பார்ப்பார்கள். நிமிடக் கணக்கு இது. பிறகு போலீஸ் நிலையத்துக்குப் போய் ரிப்போர்ட் செய்ய வேண்டும். மலாய் சரளமாக வராது என்றால் வீட்டில் படிக்கிற பிள்ளையைப் பேசச் சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த அம்மாளுக்கு 997 என்று ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. 'மவன் ஏசுவானேன்னு பயந்துட்டேங்க' என்றார். அந்த இரண்டு நாளில் எல்லாம் கைமாறிப் போயிற்று. வங்கியில் எழுதி வாங்கிக்கொண்டார்கள்; பணம் திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் படகுத்துறை வரைக்கும் கூடப் போனோம். மகள் கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்திருப்பதாகச் சொன்னார். படகுக்கு வரிசையில் நிற்கும்போது திடீரென்று திரும்பி, "ஐயா, அந்தக் கார்டைத் தொறந்தேனே, கடைசி வரைக்கும் பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாருன்னே காட்டலீங்க" என்றார்.