நீண்ட சொல்லுக்குள் உப்பு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்பவர்கள், மரக்காணத்தை அடையும்போது உப்பளங்களைக் காண்பார்கள். பாத்தி பாத்தியாக உவர்நீர் தேங்கி நிற்கும். வாரிய உப்பு வெள்ளை வெளேரென்று குவிந்திருக்கும். வெயிலும் காற்றும் நீரை ஆவியாக்குகின்றன. எஞ்சும் நீரில் உப்பு செறிந்து படிகமாகிறது. சாதாரணப் பயிர்கள் தலைகாட்டாத இத்தகைய உவர்மண்ணில், உமரி போன்ற சில செடிகள் தடித்த இலைகளோடு செழித்து வளர்கின்றன.

உமரியை 'உவர்நிலத் தாவரம்' என்று தமிழில் படிக்கிறோம். பெயரைக் கேட்டதுமே பொருள் விளங்கிவிடுகிறது. ஆனால் தமிழில் பயின்ற மாணவர் கல்லூரியில் ஆங்கில நூலைத் திறந்தால், 'ஹேலோஃபைட்' என்ற ஒன்பது எழுத்துச் சொல் எதிரே வந்து நிற்கிறது. இன்னும் சில பக்கங்கள் தள்ளி 'பாக்டீரியோரோடாப்சின்' என்று பதினேழு எழுத்துகளில் ஒரு சொல்! இவற்றையெல்லாம் எப்படி நெட்டுருச் செய்வது என்று மலைத்துப்போய், அறிவியலே வேண்டாமென்று ஒதுங்கிவிடுபவர்களும் உண்டு. உண்மையில் இத்தகைய சொற்களை நெட்டுருச் செய்ய வேண்டியதே இல்லை. அவற்றுக்குள் சில எழுத்துகளைத் தேடத் தெரிந்தால் போதும்.

நான்கு எழுத்துகள்

கிரேக்க மொழியில் உப்பைக் குறிக்கும் சொல் 'ஹால்ஸ்'. அதிலிருந்து ஆங்கில அறிவியலுக்கு வந்த துண்டுதான் 'ஹேலோ'. எச், ஏ, எல், ஓ என்ற நான்கே எழுத்துகள். 'ஃபைட்' என்பது தாவரம். ஆகவே ஹேலோஃபைட் என்பது உப்புத் தாவரம். அதாவது நம் உவர்நிலத் தாவரமேதான். 'ஃபைல்' என்பது விரும்புவது. ஆகவே ஹேலோஃபைல் என்பது உப்பு மிகுந்த இடத்தை விரும்பி வாழும் உயிர். 'ஜென்' என்பது உண்டாக்குவது. ஹேலோஜென் என்றால் உப்பை உண்டாக்குவது. 1811ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஷ்வைகர் குளோரினுக்கு இப்பெயரை முன்மொழிந்தார். சோடியத்தோடு குளோரின் சேர்ந்தால் கிடைப்பது சமையல் உப்பு அல்லவா? தமிழில் இத்தனிமங்களை 'உப்பீனி' என்று அழைத்ததும் இதே பொருளில்தான்.

ஒரு துண்டின் பொருள் தெரிந்தவுடன் மூன்று சொற்கள் திறந்துகொண்டன. ஃபைட், ஃபைல், ஜென் ஆகிய துண்டுகளும் இப்போது நம் கையில் உள்ளன. அவை இன்னும் பல சொற்களைத் திறக்கும்.

நெருப்பில் உப்பு உண்டா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அந்த நான்கு எழுத்துகளும் அதே வரிசையில் இருக்கும் இடமெல்லாம் உப்பு இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நம் கடலில் பிடிபடும் கணவாய் 'செஃபலோபாட்' என்ற வகையைச் சேர்ந்தது. அந்தப் பத்து எழுத்துகளை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நடுவில் எச், ஏ, எல், ஓ நான்கும் ஒழுங்காக நிற்கும். மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனையின் முழுப்பெயர் 'எலெக்ட்ரோஎன்செஃபலோகிராம்'. அந்த இருபது எழுத்துகளுக்குள்ளும் அவை உண்டு. ஆயினும் இரண்டிலும் உப்பு இல்லை! அங்கே இருக்கும் துண்டு 'செஃபலோ', அதாவது தலை. தலையிலேயே கால்கள் அமைந்த பிராணி செஃபலோபாட். தலைக்குள் இருப்பது மூளை. அதன் மின்பதிவு இ.இ.ஜி.

தவறு எங்கே நேர்ந்தது? ஆங்கிலத்தில் பி, எச் என்று இரண்டாக எழுதுவது கிரேக்கத்தில் 'ஃபை' என்ற ஒரே எழுத்து. அதை நடுவில் பிளந்தால்தான் நமக்கு 'ஹேலோ' கிடைக்கிறது. 'நெருப்பு' என்ற சொல்லை 'நெர்', 'உப்பு' என்று ஒலியால் பிரித்துவிட்டு, நெருப்பில் உப்பு இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நாம் சிரிப்போம் அன்றோ? மரத்தைக் கணுவில் வெட்டுவதுபோல், சொல்லை அதன் பொருத்தில் பிரிக்க வேண்டும்.

பெயரே தவறலாம்

சரியாகப் பிரித்தாலும் பொருள் பொருந்தாத பெயர்கள் உண்டு. உப்பு மிகச் செறிந்த நீரில் 'ஹேலோபாக்டீரியம்' என்ற நுண்ணுயிர் வாழ்கிறது. உப்பில் வாழும் பாக்டீரியா என்பது பெயரின் பொருள். 1977ஆம் ஆண்டில் கார்ல் ஊஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற விஞ்ஞானிகள், பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட ஒரு நுண்ணுயிர்ப் பிரிவு உண்டு என்று காட்டினர். இன்று அதன் பெயர் ஆர்க்கியா. ஹேலோபாக்டீரியமும் ஆர்க்கியாவே என்று பின்னர் தெளிவாயிற்று. பழைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சொல்லின் பொருள் நமக்கு வழி காட்டும். உண்மையைச் சொல்ல வேண்டியது ஆராய்ச்சிதான்.

முதலில் கண்டு மலைத்த பதினேழு எழுத்துச் சொல் இந்த நுண்ணுயிரில் உள்ள ஒரு புரதத்தின் பெயர். பாக்டீரியோ, ரோட், ஆப்சின் என்று அதைப் பிரிக்கலாம். 'ரோட்' ரோஜா நிறம். 'ஆப்சின்' பார்வை தொடர்பானது. நம் விழித்திரையில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமியை ஒத்திருந்ததால் 1971இல் இப்பெயர் பெற்றது. சூரிய ஒளியைப் பற்றி அந்நுண்ணுயிருக்கு ஆற்றல் தேடித் தருவது இதுவே.

தேடும் முறை

அச்சிட்ட அகராதியில் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டுதான் தேட முடியும். நடுவெழுத்தைக் கொண்டு தேடக் கணிப்பொறி உதவும். இத்தேவை நமக்குப் புதிதன்று. 1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதியின் நான்காம் பகுதியான தொடையகராதி, கவிஞர்களுக்கு உதவும்பொருட்டு, எதுகை அமையும் சொற்களைத் திரட்டித் தருகிறது.

மாணவர்கள் தாமே ஒரு குறிப்பேடு தொடங்கலாம். துண்டு ஒன்றுக்கு ஒரு பக்கம். அத்துண்டு வரும் சொல்லைக் காணும்போதெல்லாம் அப்பக்கத்தில் எழுதி, பக்கத்திலேயே தமிழ்ப் பொருளையும் குறித்து வாருங்கள்.

இப்போதே ஒன்றைச் சோதிக்கலாம். நீலகிரி மலையில் சிவப்பாகப் பூக்கும் ஒரு மரம் 'ரோடோடென்ட்ரான்'. ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்துகள். 'டென்ட்ரான்' என்றால் மரம். முற்பாதியின் பொருளை இனி நீங்களே சொல்லிவிடுவீர்கள்!